23 வயது மகனை வெளிவேலைக்கு அனுப்பலாமா? கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம்: திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் பெற்றோர். மகனுக்கு 23 வயது. மிதமான அறிவுசார் குறைபாடு, மாற்றுத்திறனாளி அட்டையில் 75 சதவீதம். சிறப்புப் பள்ளியில் ஐந்து வருடமாக மெழுகுவர்த்தியும் காகிதப் பையும் செய்கிறார். வெளிவேலை பற்றிக் கேட்டால் "இன்னும் தயாராகவில்லை" என்கிறார்கள். பண்ருட்டிப் பக்கமோ புதுச்சேரியிலோ வேலைக்கு அனுப்ப வழி இருக்கிறதா, உதவித்தொகை நின்றுவிடுமா, யாரைப் பார்ப்பது?

அனுப்பலாம். ஆனால் "முதலில் தயாராகட்டும், அப்புறம் வேலை" என்ற வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஐந்து வருடத்தில் வராத தயார்நிலை ஆறாவது வருடம் அதே மேசையில் வந்துவிடாது. இதில் மகன் மீது குறை எதுவும் இல்லை. ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் பொருத்திச் செய்வதுதான் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரும் சிரமம். பள்ளியில் மெழுகு ஊற்றப் பழகியவர், முந்திரி ஆலையில் பாக்கெட் போடுவதை அரிச்சுவடியிலிருந்துதான் கற்கப் போகிறார். அந்தக் கற்றலை நேராக ஆலையிலேயே வைத்துக்கொள்வதுதான் ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு. முதலில் சம்பளமுள்ள உண்மையான வேலை. பயிற்சி அந்த வேலையிடத்திலேயே. பயிற்சி முடிந்த பிறகும் ஒருவர் மாதாமாதம் போய்ப் பார்ப்பது. இந்த மூன்றில் கடைசியைத்தான் நம் பக்கத்தில் விட்டுவிடுகிறோம். வேலை கைவிட்டுப் போவதும் அங்கேதான்.

இது புது யோசனை இல்லை. 1972இல் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், வேலைக்கே லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். பேசி விளக்கிக் கற்பிக்கவில்லை. வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, கையால் காட்டிக் கற்பித்தார். 1986இல் அந்நாட்டின் மறுவாழ்வுச் சட்டத் திருத்தம் இதை ஒரு முறையான சேவையாக்கியது. வேலையில் அமர்ந்தவரை மாதம் இருமுறையாவது பணியிடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற அளவுகோலும் அங்கிருந்து வந்ததுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றது. அதன் 27ஆவது பிரிவு எல்லோரும் வேலை செய்யும் இடத்திலேயே வேலை செய்து பிழைக்கும் உரிமையைச் சொல்கிறது. நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அந்த வழியில் வந்தது.

அட்டையில் உள்ள 75ஐப் பார்த்து மலைக்க வேண்டாம். அறிவுசார் குறைபாட்டுக்கு அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலில் லேசானது என்றால் 50, மிதமானது என்றால் 75, தீவிரம் என்றால் 90 என்று நிலைக்கு ஓர் எண்ணாக வைத்திருக்கிறார்கள். அது சலுகை கொடுப்பதற்கான எண். நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு வேலைதான் செய்வார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வேலை கொடுப்பவரிடமும் சதவீதத்தைச் சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள்.

முதலில் தாள்கள். தனித்துவ அடையாள அட்டை, அதாவது யூடிஐடி, கையில் இருக்க வேண்டும். 18 வயதுக்குப் பிறகு மறுமதிப்பீடு செய்யாமல் சிறுவயதுச் சான்றிதழையே வைத்திருந்தால், இப்போதே கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் முடித்துவிடுங்கள். ஆதாரில் உள்ள பெயரும், அட்டையில் உள்ள பெயரும், வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். முன்னெழுத்து முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தால் பிஎஃப் பதிவு அங்கேயே நின்றுவிடும். சம்பளம் அவர் பெயரிலுள்ள கணக்குக்கு வர வேண்டும். வங்கி பாதுகாவலர் சான்று கேட்டால், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதை வழங்குகிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு நான்கும் அந்தச் சட்டத்துக்குள் வரும். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகப் போகும். இதற்கு நாளாகும் என்பதால் வேலை தேடும்போதே தொடங்கிவிடுங்கள்.

உதவித்தொகை பற்றிய பயம்தான் பல வீடுகளில் மகனையும் மகளையும் வீட்டோடு கட்டிப்போடுகிறது. பாஸ்புக்கைப் பார்த்து, வருவது எந்தத் துறையின் பணம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். வருவாய்த்துறை ஓய்வூதியம் வேறு. இரண்டுக்கும் விதி வேறு, அலுவலகமும் வேறு. வேலையில் சேர்வதற்கு முன்பே, "என் மகன் தனியார் ஆலையில் இத்தனை ரூபாய் சம்பளத்தில் சேரவிருக்கிறார். இது அவருடைய உதவித்தொகையைப் பாதிக்குமா?" என்று மனுவாகக் கொடுத்துப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஜன்னலில் வாய்மொழியாகக் கிடைக்கும் பதில் ஆள் மாறினால் மாறும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். ஆலை ஆலையாக ஏறி இறங்குவதற்கு முன் இரண்டு வாரம் மகனை உற்றுப் பாருங்கள். "உனக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்று கேட்டால் கேட்டவர் முகம் பார்த்து ஏதோ ஒரு பதில் வரும். அதை நம்பிப் பயனில்லை. எவ்வளவு நேரம் உட்காராமல் நிற்க முடிகிறது? மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறாரா? வாடைக்கு முகம் சுளிக்கிறாரா? காலையில் சுறுசுறுப்பா, மதியத்துக்கு மேலா? யாரும் சொல்லாமல் வீட்டில் எதைச் செய்கிறார்? துணி மடிப்பவரா, செருப்பை வரிசையாக வைப்பவரா, கடைக்குப் போய் மீதிச் சில்லறையோடு திரும்புபவரா? கழிப்பறைக்குத் தானாகப் போவாரா, சொல்ல வேண்டுமா? வலிப்பு உண்டா, கடைசியாக எப்போது வந்தது, மாத்திரை எந்நேரம்? இவற்றை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். செருப்பை வரிசையாக வைப்பது வீட்டில் ஒரு பழக்கமாகத் தெரியும். சூப்பர் மார்க்கெட்டில் அலமாரியின் பின்வரிசைப் பொருளை முன்னுக்கு இழுத்து லேபிள் தெரிய அடுக்க ஆள் தேடுகிறார்கள் என்றால், அந்தப் பழக்கமே ஒரு தகுதி.

நம் பக்கத்தில் என்னென்ன வேலைகள் பொருந்தும்? பண்ருட்டி முந்திரியில் தோல் நீக்குதல், தரம் பிரித்தல், பாக்கெட் போடுதல் பொருந்தும். ஓடு உடைக்கும் பகுதிக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். கையில் எண்ணெயும் சாம்பலும் தடவிக்கொள்ளும் எச்சரிக்கையை ஒவ்வொரு முறையும் நினைவில் வைக்க வேண்டிய வேலை அது. தரம் பிரிப்பதிலும் எல்லாத் தரமும் ஒன்றல்ல. 180, 240, 320 என்பவை ஒரு பவுண்டு எடைக்கு ஏறும் முழுப் பருப்புகளின் எண்ணிக்கையைக் குறிப்பவை. எண் கூடக் கூடப் பருப்பு சிறியது. 240க்கும் 320க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது பழகியவர்களுக்கே நேரமெடுக்கும். முழுசு, இரண்டாகப் பிளந்தது, நொறுங்கியது என்று மூன்றாகப் பிரிப்பதை ஒருவர் சில நாளில் பிடித்துவிடலாம். அதிலிருந்து தொடங்குங்கள்.

புதுச்சேரியில் ஓட்டல், விருந்தினர் விடுதிகளின் சலவைப் பகுதி நல்ல இடம். ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு விதமாகக் கலைந்திருப்பதால் அறை சுத்தம் செய்வது கடினம். துண்டு மடிப்பது எல்லா நாளும் ஒன்றேதான். பேக்கரியில் கேக் பெட்டி மடித்தல், தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் பேக்கிங், நாற்றுப் பண்ணையில் பை நிரப்புதல் ஆகியவற்றையும் பாருங்கள். கடலூர் சிப்காட்டின் ரசாயன ஆலைகளில் கிடங்கு, பேக்கிங் பகுதி தவிர மற்ற இடம் வேண்டாம் என்பேன். கசிவு மணி அடித்தால் யாரும் சொல்லாமலே ஓட வேண்டிய இடம் அது. வலிப்பு உள்ளவருக்குத் துறைமுகத்து ஐஸ் தளமும், முந்திரிப் பருப்பை உலர்த்தும் போர்மா அடுப்பும், ஏணியும் கூடாது.

முதலாளியிடம் "பாவம், ஏதாவது வேலை கொடுங்கள்" என்று போனால் பாவத்துக்கு ஒரு வேலை கிடைக்கும். அது மூன்று மாதம்கூட நிற்காது. "உங்களிடம் எந்த வேலை தேங்கி நிற்கிறது?" என்று கேளுங்கள். தரம் பிரிக்கக் கை தேர்ந்த அக்கா, நடுவில் எழுந்து போய் அட்டைப்பெட்டி மடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, டிரே கழுவிவிட்டு வருவார். அந்த மூன்றையும் பிரித்து ஒருவரிடம் கொடுத்தால் அக்காவின் மேசை நிற்காது. இப்படி ஒரு வேலையிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒருவருக்கான வேலையைச் செதுக்குவது இந்தச் சேவையில் பாதித் திறமை. இரண்டு மூன்று நாள் பார்த்துப் பழக முதலாளி கேட்டால் சம்மதிக்கலாம். "ஆறு மாதம் பயிற்சி, சம்பளம் அப்புறம்" என்றால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கற்பிக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கால் கிலோ முந்திரி பாக்கெட் போடுவதை எடுத்துக்கொள்வோம். பார்ப்பவருக்கு அது ஒரே வேலை. உண்மையில் கை கழுவித் துடைப்பது, தொப்பி, கையுறை, கவர் ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது, வாயை விரித்துத் தாங்கியில் மாட்டுவது, அளவுக் கரண்டியால் கொட்டுவது, தராசில் வைப்பது, எண்ணைப் பார்ப்பது, கூட்டுவது அல்லது குறைப்பது, வாயை நேராக மடிப்பது, சீலரில் அழுத்துவது, இழுத்துப் பார்ப்பது, பெட்டியில் அடுக்குவது என்று பன்னிரண்டு பதின்மூன்று படிகள். பயிற்றுநர் முதலில் ஒரு முழு ஷிப்ட் தானே அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆலையில் அந்த வேலையை எப்படிச் செய்கிறார்களோ அதே வரிசையில்தான் படிகளை எழுத வேண்டும்.

இதில் சிக்குவது இரண்டு இடம். ஒன்று எடை. 247 குறைவா கூடுதலா என்பது எண்ணறிவு. அதைக் கற்பிக்க வருடங்கள் செலவழிக்கத் தேவையில்லை. காலிக் கவரை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு, 250, 251, 252 என்ற மூன்று எண்களையும் தராசில் தெரிவது போலவே ஓர் அட்டையில் பெரிதாக எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள். அட்டையில் இருக்கும் உருவம் தராசில் தெரிந்தால் பாக்கெட் சரி. தெரியும் வரை ஒவ்வொரு பருப்பாகப் போடுவது அல்லது எடுப்பது. கரண்டி அளவைக் கொஞ்சம் குறைவாகவே வைத்துவிட்டால் போடுவது மட்டும்தான் வேலை, எடுக்கும் குழப்பம் இராது. இன்னொன்று சீலர். அழுத்தினால் விளக்கு எரியும், அணையும். அணைந்த உடனே கையை எடுத்தால் உருகிய பிளாஸ்டிக் இறுகாமல் சீல் பிரிந்துவிடும். விளக்கு அணைந்த பிறகு வாயால் "ஒண்ணு, ரெண்டு" சொல்லிவிட்டுக் கையை எடுக்கப் பழக்க வேண்டும். பாக்கெட் திரும்பி வருகிறது என்ற புகாரில் பெரும்பாலும் இந்த இரண்டு வினாடிதான் குற்றவாளி. பெட்டியில் எத்தனை அடுக்க வேண்டும் என்பதற்கு எண்ணச் சொல்லாமல், பெட்டியின் அடியில் கட்டங்கள் வரைந்துவிடுங்கள். கட்டம் நிறைந்தால் பெட்டி நிறைந்தது.

துணை செய்வதற்கும் ஒரு படிவரிசை உண்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு தாளில் குறிக்கலாம். தானாகச் செய்தால் "த", சைகை காட்டினால் செய்தார் என்றால் "சை", செய்து காட்ட வேண்டியிருந்தால் "கா", கையைப் பிடித்துச் செய்ய வைத்தால் "கை", வாயால் சொல்ல வேண்டியிருந்தால் "சொ". வாய்ச்சொல்லைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தால், சொன்னால்தான் அடுத்த படி என்று ஆகிவிடும். குரலை விலக்குவது மிகவும் கடினம், விரலால் சுட்டுவதை விலக்குவது எளிது. "சபாஷ்" கூடப் பாக்கெட் முடிந்த பிறகுதான், நடுவில் வேண்டாம். ஒரே படியில் தொடர்ந்து மூன்று நாள் "கை" விழுந்தால் அவர் மீது கோபப்படாதீர்கள், படியை இன்னும் இரண்டாக உடையுங்கள் அல்லது கருவியை மாற்றுங்கள். எல்லாப் படியிலும் "த" என்று வாரம் முழுக்க வந்தால் பயிற்றுநர் ஓரடி பின்னால் போகலாம்.

பின்னால் போவது என்பது நிஜமாகவே பின்னால் போவது. முதல் வாரம் பக்கத்தில், பிறகு முதுகுக்குப் பின்னால், பிறகு ஹாலின் மறுமூலையில், பிறகு வாசலில், பிறகு காலையில் ஒரு மணி நேரம் மட்டும். ஒரே பணிக்கு நாலு முதல் எட்டு வாரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், சிலருக்குக் கூடும். இதில் நடக்கும் பெரிய தவறு, பயிற்றுநரே பாதி வேலையைச் செய்துவிடுவது. முதலாளி கண்ணுக்கு உற்பத்தி சரியாகத் தெரியும். பயிற்றுநர் நின்ற மறுநாள் உற்பத்தி பாதியாகும், அடுத்த வாரம் "சரிப்படல" என்பார்கள். இன்னொரு தவறு பேச்சில் நடக்கும். சூப்பர்வைசர் மகனைப் பார்க்காமல் பயிற்றுநரைப் பார்த்து, "அவனுக்குப் புரிஞ்சுதா?" என்பார். பயிற்றுநர் பதில் சொல்லக் கூடாது. "நீங்களே கேளுங்க சார், அவர் சொல்லுவார்" என்று ஒதுங்க வேண்டும். முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். "குழந்தை" என்று அழைக்க ஆரம்பித்தால் வேலையும் குழந்தைக்குக் கொடுக்கும் வேலையாக ஆகிவிடும்.

பயிற்றுநர் போன பிறகு தாங்குவது பக்கத்து மேசை. டீ நேரம் ஆனதைச் சொல்ல, கவர் தீர்ந்தால் எங்கே எடுப்பது என்று காட்ட ஒருவர் போதும். அவரை முதலாளி நியமிக்க விடாதீர்கள். இயல்பாகவே பேச்சுக் கொடுப்பவர் யார் என்று முதல் வாரத்தில் தெரிந்துவிடும். அந்த அக்காவையோ அண்ணனையோ நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் விடுமுறை எடுத்தால் யார் என்பதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

பஸ் பயிற்சி தனி வேலை. அதை வேலைப் பயிற்சியோடு குழப்ப வேண்டாம். சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். முதலில் பக்கத்து இருக்கையில், பிறகு பின் இருக்கையில், பிறகு அவர் ஒரு பஸ்ஸில் நீங்கள் அடுத்த பஸ்ஸில், கடைசியில் இறங்கியதும் ஒரு போன். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் துணைக்கு வருபவருக்கும் 2021 முதல் கட்டணமில்லை. பண்ருட்டி, புதுச்சேரி போகும் மற்ற வண்டிகளில் இது பொருந்தாது என்பதால், எந்த வண்டியில் ஏற வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்பியுங்கள். முள்ளோடை தாண்டினால் வேறு அரசு, வேறு சலுகை. நிறுத்தம் தவறினால் என்ன செய்வது என்பதை வேண்டுமென்றே ஒருமுறை தவறவிட்டுப் பழக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் பஸ் நிற்கும், பாதை மாறும். அன்றைக்கு ஆலை உண்டா இல்லையா என்பதை யார் யாருக்குப் போன் செய்து சொல்வது என்று மழைக்கு முன்னாலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சம்பளத்தில் கூச்சப்படாதீர்கள். பீஸ் ரேட் என்றால் எல்லோருக்கும் உள்ள அதே ரேட். தினக்கூலி என்றால் அதே கூலி, மணி நேரம் குறைவாக இருந்தால் மணிக்கணக்கில். "இவ்வளவு கொடுப்பதே பெரிசு" என்ற பேச்சுக்கு இடம் கொடுத்தால், அடுத்து வரும் பத்துப் பேருக்கும் அதுதான் ரேட் ஆகும். பழகிய ஒருவர் மணிக்கு எத்தனை பாக்கெட் போடுகிறார் என்று வெவ்வேறு நாளில் மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். மகனின் எண்ணிக்கையையும் வாரம் ஒருமுறை எடுங்கள். அந்த நோட்டு கையில் இருந்தால் பேச்சு இரக்கத்திலிருந்து கணக்குக்கு வந்துவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடம் என்றால் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு, கேளுங்கள். பொதுவாகச் சம்பள வரம்பு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. முதல் சம்பளம் வந்த வாரத்தில் "கைமாத்தா குடு, நாளைக்குத் தரேன்" என்பவர்கள் வருவார்கள். இல்லை என்று சொல்ல வீட்டில் நடித்துப் பழக்குங்கள். கையில் கொஞ்சம் பணத்தை அவர் விருப்பத்துக்கே விடுங்கள், சம்பளத்தின் ருசி தெரிய வேண்டும்.

சட்டத்தைப் பற்றி அளவான எதிர்பார்ப்பு போதும். 2016 சட்டத்தின் 4 சதவீத ஒதுக்கீடு அரசுப் பணிக்கு. அதில் ஒரு சதவீதம் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து. தனியார் ஆலைக்குக் கட்டாய ஒதுக்கீடு இல்லை. ஆனால் 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, அதற்கென ஒரு தொடர்பு அலுவலரையும் வைத்திருக்க வேண்டும். அந்தக் கொள்கையைக் காட்டச் சொல்லிக் கேட்பது நல்ல தொடக்கம். மகளை அனுப்புபவர்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவின் பெயர்ப் பட்டியலையும் கேளுங்கள். 2013 சட்டப்படி அது இருந்தே ஆக வேண்டும். உடலின் எந்தப் பகுதியை யாரும் தொடக் கூடாது, தொட்டால் யாரிடம் சொல்வது என்பதையும் சீலரைக் கற்பித்தது போலவே படிப்படியாக, திரும்பத் திரும்பக் கற்பிக்க வேண்டும். மகனுக்கும்தான்.

மனநோயிலிருந்து மீள்பவருக்கு வேலை தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பணியைக் கற்பிப்பது பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. வேகமாக வேலை தேடுவதும், மருத்துவரும் வேலை உதவியாளரும் ஒரே குழுவாக இருப்பதும்தான் முக்கியம். ஐ.பி.எஸ். (Individual Placement and Support, தனிநபருக்கான பணியமர்த்தலும் ஆதரவும்) என்ற அந்த முறையில் ஓர் உதவியாளரிடம் 20 பேருக்கு மேல் கூடாது, 30 நாளுக்குள் முதலாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும். ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், இந்த முறையில் 55 சதவீதம் பேர் வேலைக்குப் போனார்கள், முதலில் பயிற்சி பிறகு வேலை என்ற பழைய முறையில் 28 சதவீதம். இரவு மாத்திரையால் காலையில் மந்தமாக இருந்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் நேரத்தை மாற்றக் கேளுங்கள், அல்லது மதிய ஷிப்ட் கேளுங்கள். நோயை முதலாளியிடம் சொல்வதா, எவ்வளவு சொல்வது என்பதை வேலை செய்யப் போகிறவரே முடிவு செய்ய வேண்டும்.

யாரைப் பார்ப்பது? கடலூரில் ஆட்சியர் அலுவலகத்தைச் சேர்ந்த மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். தமிழ்நாடு அரசின் உரிமைகள் திட்டத்தில் வரும் 'விழுதுகள்' சேவை மையம் உங்களுக்கு அருகில் எது என்றும் அங்கேயே கேளுங்கள். புதுச்சேரியில் குடியிருப்பவர்களுக்குச் சமூக நலத்துறையும், மகளிர் மற்றும் மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக் கழகமும். மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் புதுச்சேரியிலும் சென்னையிலும் உண்டு. தொழில் திறன் மதிப்பீட்டுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்துக்கும் போகலாம். எந்த அமைப்பானாலும் இதைக் கேளுங்கள்: நீங்கள் வேலைக்கு அனுப்பியவர்களில் ஒரு வருடம் கழித்தும் வேலையில் இருப்பவர் எத்தனை பேர்? பணியிடத்துக்கு நேரில் வருபவர் யார், எத்தனை நாள்? எத்தனை பேரை அனுப்பினோம் என்ற எண்ணை மட்டும் சொன்னால் பின்தொடர்தல் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பு எதுவும் அமையவில்லை என்றாலும் செய்யலாம். சிறப்பு ஆசிரியர் ஒருவரிடம் படிகளைப் பிரிக்கவும் தாளில் குறிக்கவும் ஒரு வாரம் பழகிக்கொண்டு, சித்தப்பாவோ, படிப்பு முடித்த அத்தை மகளோ ஆறு வாரம் பயிற்றுநராக நிற்கலாம். அம்மா நிற்க வேண்டாம். அம்மா நின்றால் ஆலையிலும் அவர் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பார். நிற்பவர் யாரானாலும், அடுத்த ஒரு வருடத்துக்கு மாதம் இருமுறை ஆலைக்குப் போகிற தேதிகளை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். சூப்பர்வைசர் மாறும் வாரம், புது பாக்கெட் அளவு வரும் வாரம், பொங்கல் அல்லது தீபாவளி விடுமுறை முடிந்து திரும்பும் முதல் இரண்டு நாள், வீட்டில் சாவோ கல்யாணமோ நடந்த பிறகு, இந்த நான்கிலும் கூடுதலாகப் போக வேண்டும். வேலையை மறந்துவிட்டார் என்று இந்த நாட்களில்தான் சொல்வார்கள். மறந்திருக்க மாட்டார், வரிசை கலைந்திருக்கும். பழைய தாளை எடுத்து அரைநாள் பக்கத்தில் நின்றால் திரும்பிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் முதல் வேலை நிற்காமல் போகலாம். அப்போது சண்டை போட்டுக்கொண்டு வெளியே வராதீர்கள். பணிச் சான்று வாங்குங்கள், பிஎஃப் எண்ணைக் குறித்து வையுங்கள், எந்தப் படி, எந்த ஆள், எந்த நேரம் என்று நின்றதற்கான காரணத்தை நோட்டில் எழுதுங்கள். மதியத்துக்கு மேல் வேகம் விழுந்தது காரணம் என்றால் அடுத்து காலை நான்கு மணி நேர வேலையாகத் தேட வேண்டும். இயந்திரச் சத்தம் காரணம் என்றால் சலவைப் பகுதியைவிட நாற்றுப் பண்ணை பொருந்தும். அடுத்த முதலாளியிடம் போகும்போது அந்த நோட்டையும் பணிச் சான்றையும் எடுத்துப் போங்கள்.